பொருள்கோடல்

பொகவந்தலாவைக் கூட்டுறவு மண்டபம்.
முப்பது பிளாஸ்டிக் கதிரை, நாற்பத்தொரு பேர்,
மீதிப்பேர் சுவரோடு.
என் மேசையில்
காலநிலைச் சட்டமூலம், தமிழ் வரைவு, ஐந்தாம் திருத்தம்.
பக்கங்கள் பறக்காமலிருக்க
மேலே ஒரு தேநீர்க் கோப்பை.

'காலல் இலக்கு' என்று வாசித்தேன்.
"கால் இல்லன்னா சொல்றீங்க?"
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.
சிரித்தார்கள். நானும்.
அடித்துவிட்டு 'உமிழ்வு' என்றேன்.
வெற்றிலை போட்டிருந்த மூவர்
அதற்கும் சிரித்தார்கள்.

சிவனு எழுந்தார்.
ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடுபவர்.
புருவம் பாதி பொசுங்கியிருந்தது.
"இருவத்தொம்பது வருசமா
டர்பன்டைன் கட்டைய அந்த வாயில ஊட்டுறேன்.
நூத்துக்கு நாப்பது குறைக்கணும்னு போட்டிருக்கீங்க.
எந்த ஷிப்ட குறைப்பீங்க?
நான் ராவு ஷிப்டு."

புரட்டினேன்.
'நியாயமான நிலைமாற்றம்' முகப்புரையில் இருந்தது.
முகப்புரை யாரையும் கட்டுப்படுத்தாது.
அதை நான் சொல்லவில்லை.
"குறித்துக்கொள்கிறேன்" என்றேன்,
உண்மையாகவே குறித்தும் கொண்டேன்:
சிவனு, ராவு.

ஆறாம் பகுதி, நியாய வர்த்தகம்.
சான்றிதழ் பெற்ற தேயிலைக்குத் தீர்வைச் சலுகை.
மூன்று இரவு உட்கார்ந்து
நான் செதுக்கிய வாக்கியம் அது, சற்றுப் பெருமையோடு வாசித்தேன்.
ஞானப்பூ கையை உயர்த்தவில்லை. நேரே பேசினாள்:

"அந்தக் கமிட்டியில நானும் இருக்கேன்.
போன வருசக் காசுல தண்ணித் தாங்கி வாங்குனோம்.
இப்ப கிலோவுக்கு எவ்வளவு புகைன்னு
வெளிநாட்டுக்காரனுக்குக் கடதாசி வேணுமாம்.
அளக்க வர்ற ஐயாவுக்குச் சம்பளம்
அந்தத் தாங்கிக் காசுலயா?

அது கெடக்கட்டும்.
மாசியில மழை இல்ல. மலை காஞ்சு கெடந்துச்சு.
பதினெட்டுக் கிலோ எடுக்கணும், பதினொண்ணு வந்துச்சு.
அரைப் பேரு போட்டாங்க.
'இழப்பு'ன்னு ஒரு சொல்லு வாசிச்சீங்களே,
அதுக்குள்ள என் அரைப் பேரு இருக்கா?"

பிரிவு 58. பொருள்கோடல்.
இச்சட்டத்தில், சந்தர்ப்பம்
வேறுபொருளை வேண்டி நின்றாலன்றி,
'இழப்பு' என்பது
உற்பத்தியாளருக்கு ஏற்படும் பொருள்நட்டம் எனப் பொருள்படும்.

இல்லை என்றேன்.
அன்று முழுவதும் நான் தடுமாறாமல் சொன்ன பதில்
அது ஒன்றுதான்.

இரவு ஹட்டன் விடுதியில்
ஈரச் சப்பாத்தை ஜன்னலில் வைத்துவிட்டு எழுதினேன்:
'பேர்' என்பது,
தோட்டத் தொழிலாளி ஒருவரின் ஒருநாள் முழுச்சம்பளம்;
மழையின்மையால், பெருமழையால்
அது அரையாகுமிடத்து,
குறைந்த அரையும் இழப்பு எனப் பொருள்படும்.

நல்ல தமிழ்தான்.
ஆனால் கடைசிப் பிரிவையும் மொழிபெயர்த்தவள் நான்:
சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே
ஒவ்வாமை ஏற்படும் பட்சத்தில்
சிங்கள உரையே மேலோங்கி நிற்றல் வேண்டும்.

பத்தரைக்குத் திலினிக்கு அழைத்தேன்.
சிங்கள வரைவு அவளுடையது.
பேர் என்றால் என்னவென்று
பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் விளக்கினேன்.
மழை, கிலோ, செக்ரோல், அரை.

"'நம' என்றே போட்டால்
ஆளின் பெயர் என்று நினைத்துவிடுவார்களே,
அரைப் பெயர் என்று?"

நினைக்கட்டும் என்றேன்.

தொலைபேசிக்குள் ஏதோ பாத்திரம் கழுவும் சத்தம்.
அவளுடைய குழந்தை எதற்கோ அழுதது.
பிறகு விசைப்பலகை.

"எத்தனையாம் பிரிவு?" என்றாள்.